நாளுக்கு ஒரு வேளை மருந்து

1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனையில் ஹெராயின் பழக்கத்துக்கு ஆளான சிலரைச் சேர்த்தார்கள். எல்லோரும் பல ஆண்டுகளாக ஊசி போட்டு வந்தவர்கள். விட்டுவிட வேண்டுமென்று எத்தனையோ முறை முயன்று, ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்கே வந்து நின்றவர்கள். அவர்களைச் சேர்த்த டாக்டர் வின்சென்ட் டோல் போதைப் பழக்கத்தில் நிபுணர் இல்லை. உடல் பருமனை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவர் சில மாதங்களில் பழைய எடைக்குத் திரும்புவதைப் பார்த்துப் பார்த்து, இது மன உறுதியைப் பொறுத்தது மட்டும்தானா என்ற சந்தேகம் அவருக்குள் வளர்ந்திருந்தது. ஹெராயினிலும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க நினைத்தார்.

அவருக்குத் துணையாக வந்தவர் மனநல மருத்துவர் மேரி நைஸ்வாண்டர். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் போதை அடிமைகளுக்கென்றே அரசு நடத்திய, பாதி சிறையும் பாதி மருத்துவமனையுமான இடத்தில் வேலை பார்த்தவர் அவர். அங்கிருந்து குணமாகிப் போனதாகச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதைக் கண்ணால் கண்டவர். போதைக்கு ஆளானவரை நோயாளியாகப் பார்க்க வேண்டும் என்று 1956லேயே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் டோல் அவரைத் தேடிப் போனார். இளம் மருத்துவரான மேரி ஜீன் க்ரீக் மூன்றாவதாக இவர்களோடு சேர்ந்துகொண்டார்.

முதலில் மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் வேதனை அடங்கியது, ஆனால் வேறு எதுவும் மாறவில்லை. ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அடுத்த ஊசிக்கு நேரம் பார்த்துக்கொண்டு நாள் முழுக்கத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். கொடுக்க வேண்டிய அளவும் ஏறிக்கொண்டே போனது. சரி, இவர்களை மெல்ல மார்ஃபினிலிருந்து இறக்கிவிடலாம் என்று மெத்தடோன் என்ற மருந்துக்கு மாற்றினார்கள். மாற்றும்போது அளவைச் சற்று அதிகமாகவே கொடுக்க வேண்டியிருந்தது.

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒருவர் வண்ணங்கள் கேட்டு வாங்கி ஓவியம் தீட்டத் தொடங்கினார். இன்னொருவர் பாதியில் விட்ட படிப்பைத் தொடர வேண்டும் என்றார். அடுத்த வேளை மருந்தைப் பற்றிய பேச்சே அவர்களிடம் குறைந்துவிட்டது. மருந்தின் அளவும் ஏறவில்லை. ஒருமுறை நிலைப்படுத்திய அளவே மாதக்கணக்கில் போதுமானதாக இருந்தது. நாளுக்கு ஒரு முறை, வாய்வழியாக. டோலும் நைஸ்வாண்டரும் 22 நோயாளிகளின் கதையை 1965 ஆகஸ்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் தொடர் சிகிச்சை என்று இன்று உலகம் அறிந்திருப்பது அந்தக் கட்டுரையில்தான் உருப்பெற்றது.

மெத்தடோன் அவர்கள் கண்டுபிடித்த மருந்து இல்லை. 1930களின் இறுதியில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் ஆலையில் மாக்ஸ் போக்மூல், குஸ்தாவ் எர்ஹார்ட் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய வலி மருந்து அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதன் செய்முறை அமெரிக்கர் கைக்குப் போனது. 1947ல் எலி லில்லி நிறுவனம் அதை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹெராயினை நிறுத்தும்போது வரும் உடல் வேதனையைச் சில நாட்களுக்குத் தணிக்க மருத்துவமனைகளில் அதைக் கொடுத்து வந்தார்கள். பத்து நாள் கொடுத்து, குறைத்து, நிறுத்தி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிறுத்தாமல் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்ததுதான் ராக்ஃபெல்லரில் நடந்த புதுமை.

அது சாதாரணத் துணிச்சல் இல்லை. 1914ன் ஹாரிசன் சட்டமும், அதை ஒட்டி 1919ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அடிமையான ஒருவருக்கு அவர் பழக்கத்தைத் தாங்கி நிற்க மட்டும் மருந்து எழுதித் தருவது மருத்துவமே ஆகாது என்று வைத்திருந்தன. அப்படி எழுதிக் கொடுத்த டாக்டர்கள் பலர் வழக்கைச் சந்தித்தார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். கூட்டரசின் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் டோலையும் தேடி வந்து, நீங்கள் சட்டத்தை மீறுகிறீர்கள் என்று எச்சரித்தார்கள். அப்படியானால் என்மீது வழக்குப் போடுங்கள், நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம் என்று டோல் சொன்னார். வழக்கு வரவில்லை.

மெத்தடோன் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள முதலில் ஹெராயின் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஊசியில் ஏறும் ஹெராயின் சில நொடிகளில் மூளையைத் தொட்டு, அங்குள்ள ஓபியாய்டு (அபின் வகை) ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. நான்கைந்து மணி நேரத்தில் அதன் வேகம் தளர்கிறது. நாளாக ஆக மூளை இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகி, மருந்து இல்லாத நிலையையே நோயாக உணரத் தொடங்குகிறது. கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைவது போன்ற வலி, தூக்கமே வராத இரவுகள். பல ஆண்டு போட்டவரைக் கேட்டால், சுகத்துக்காகப் போட்ட காலம் எப்போதோ போய்விட்டது, இந்த வேதனை வராமல் இருக்கத்தான் போடுகிறேன் என்பார். ஒரு நாளில் மூன்று நான்கு முறை அதற்குக் காசு தேட வேண்டும், விற்பவரைத் தேட வேண்டும், மறைவிடம் தேட வேண்டும். வேலையும் குடும்பமும் அந்த நாளுக்குள் எங்கே அடங்கும்?

மெத்தடோனும் அதே ஏற்பிகளில்தான் ஒட்டுகிறது. ஆனால் வாய்வழியாகச் சாப்பிடும்போது மெல்ல ஏறி, ஒரு நாளுக்கும் மேலாக உடம்பில் தங்கி, மெல்ல இறங்குகிறது. சரியான அளவில் சாப்பிடுபவருக்கு மயக்கமும் வருவதில்லை, வேதனையும் வருவதில்லை. வண்டி ஓட்டலாம், கணக்கு எழுதலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகலாம். இன்னொரு பயனும் உண்டு: உடல் மெத்தடோனுக்குப் பழகியிருப்பதால், அவர் ஒரு நாள் தடுமாறி ஹெராயின் போட்டுக்கொண்டாலும் எதிர்பார்த்த போதை பெரும்பாலும் கிடைக்காது. போட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் போடுவதும் குறைகிறது.

"ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுக்கிறீர்கள்" என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை இந்தச் சிகிச்சையின் மேல் வீசப்படும் கல். இதில் பாதி உண்மை இருக்கிறது. மெத்தடோனும் ஓபியாய்டுதான், திடீரென நிறுத்தினால் அதற்கும் வேதனை உண்டு. டோல் இதை மறைத்ததில்லை. நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ இவர்களுக்கு இது அப்படி என்றுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நோயை வேரோடு பிடுங்குவதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை; சாப்பிடும் வரை மனிதர் நிலையாக இருப்பார், நிறுத்தினால் பெரும்பாலும் நோய் திரும்பும் என்றார். ஆகவே "எப்போது இதை நிறுத்தப் போகிறார்?" என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, "இதைச் சாப்பிடும்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதே நியாயம்.

அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் ஹாங்காங்கிலிருந்து வந்தது. 1970களில் அங்கே நடந்த ஒரு சோதனையில் நூறு ஹெராயின் அடிமைகளை முதலில் மருத்துவமனையில் வைத்து, எல்லோரையும் 60 மில்லிகிராம் மெத்தடோனில் நிலைப்படுத்தினார்கள். பிறகு இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மெத்தடோன் தொடர்ந்தது, தேவைக்கேற்ப அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். மற்ற குழுவுக்கு நாளுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் குறைத்து, கடைசியில் மருந்தே இல்லாத வெறும் நீர்மம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, உடனிருந்து கவனித்தவர்களுக்கும் தெரியாது. ஆலோசனை, கவனிப்பு எல்லாம் இரு குழுவுக்கும் ஒன்றே. 32 வாரம் கழித்துப் பார்த்தபோது மெத்தடோன் குழுவில் நூற்றுக்கு 76 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மற்றதில் நூற்றுக்குப் பத்துப் பேர். மூன்றாண்டு முடிவில் அது 56க்கு 2 என்று ஆனது. நியூயார்க்கின் டாக்டர் ராபர்ட் நியூமனும் ஹாங்காங்கின் வைட்ஹில்லும் இதை 1979ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள்.

இந்த எண்களைப் படிக்கும்போது மனதில் தைப்பது ஒன்று உண்டு. வெறும் நீர்மம் பெற்றவர்களும் விட வேண்டும் என்று வந்தவர்களே. அவர்களுக்கும் நல்வார்த்தை கிடைத்தது, தினமும் வந்துபோக ஓர் இடம் கிடைத்தது. படிப்படியாக இரண்டு மாதம் எடுத்துத்தான் மருந்தைக் குறைத்தார்கள். நம் ஊர்களில் பத்து நாளோ ஒரு மாதமோ அறைக்குள் வைத்து "சுத்தம் செய்து" அனுப்புவதைவிட அது எவ்வளவோ மென்மையானது. அப்படியும் ஐம்பதில் ஒருவர்தான் மிஞ்சினார்.

ஹாங்காங் அரசும் மெத்தடோன் வழியையே பிடித்துக்கொண்டது. ஒரு வருகைக்கு ஒரு ஹாங்காங் டாலர் மட்டும் வாங்கிக்கொண்டு, விடுமுறை நாளிலும் கதவைத் திறந்து வைக்கும் மெத்தடோன் கிளினிக்குகளை நகரெங்கும் நடத்தியது. எய்ட்ஸ் காலம் வந்தபோது இதன் அருமை தெரிந்தது: ஊசி போடுவோரிடையே பல ஆசிய நகரங்களில் காட்டுத்தீயாகப் பரவிய ஹெச்.ஐ.வி. அங்கே பெரிதாகத் தலைதூக்கவில்லை. பக்கத்தில் சீனப் பெருநிலமும் தன் போக்கை மாற்றிக்கொண்டது. 2004ல் எட்டே கிளினிக்குகளோடு தொடங்கி, பத்தாண்டுக்குள் எழுநூறுக்கு மேல் திறந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2005ல் மெத்தடோனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

உயிர் காப்பதில்தான் இந்த மருந்தின் வலிமை முழுதாகத் தெரிகிறது. பல நாடுகளில் மெத்தடோன் சிகிச்சை பெற்ற ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்து 2017ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால், சிகிச்சையில் இருப்பவர்களில் ஏறக்குறைய 11 பேர் இறக்கிறார்கள். சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களில் 36 பேர். விட்டு வந்த முதல் நான்கு வாரம்தான் மிக மோசம். காரணம் உடலியல்தான்: மருந்து நின்றதும் உடல் பழகியிருந்த தாங்குசக்தி இறங்கிவிடுகிறது. பழைய நினைப்பில் பழைய அளவையே ஊசியில் ஏற்றினால் மூச்சு நின்றுபோகிறது. சிறையிலிருந்தும், பூட்டி வைக்கும் மறுவாழ்வு மையங்களிலிருந்தும் வெளியே வருபவர்கள் முதல் சில நாட்களில் இறந்துபோவதற்கும் இதுவே காரணம்.

சிகிச்சையை ஒரே உத்தரவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. உக்ரைனில் மெத்தடோனும் அதன் தம்பியான பியூப்ரினார்ஃபினும் சட்டப்படி கிடைத்து வந்தன. ரஷ்யாவிலோ மெத்தடோனுக்கு முழுத் தடை. 2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. மே மாதத்துக்குள் அங்கிருந்த சிகிச்சை மையங்கள் மூடப்பட்டன. சுமார் 800 நோயாளிகள் கைவிடப்பட்டார்கள். ஓராண்டு முடிவதற்குள் அவர்களில் 80 முதல் 100 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் தூதர் மிஷேல் கசாட்ச்கின் தெரிவித்தார். அளவு மீறிய போதை ஊசியும் தற்கொலையும் அந்தச் சாவுகளில் பெரும்பங்கு. அதுவரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், மாத்திரை நின்றதால் செத்தவர்கள்.

மெத்தடோனைக் கையாள்வதில் ஆபத்து இல்லாமல் இல்லை. உடம்பில் நெடுநேரம் தங்கும் குணமே முதல் இரண்டு வாரத்தில் பயமாகிறது: இன்றைய வேளை முழுதாகக் கரையும் முன் நாளைய வேளை சேர்ந்து, நாலாம் ஐந்தாம் நாளில் அளவு மீறிவிடலாம். அதனால் டாக்டர்கள் வழக்கமாக 20, 30 மில்லிகிராமில் தொடங்கி நாட்களை எண்ணிக் கூட்டுவார்கள். பெரும்பாலோருக்கு 60 முதல் 120 வரை வந்த பிறகே நிலைப்படும். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும் என்பதால் ஈ.சி.ஜி. பார்க்க வேண்டியிருக்கும். வியர்வையும் மலச்சிக்கலும் நீண்ட நாள் தொல்லைகள். வீட்டில் வைத்திருந்தால் பூட்டி வைக்க வேண்டும்: பெரியவர் ஒருவரின் ஒரு வேளை மருந்து, எடுத்துக் குடித்துவிட்ட குழந்தையைக் கொன்றுவிடும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு, அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். "கொஞ்சமாகக் கொடுத்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்" என்று நினைத்து, போதாத அளவைக் கொடுப்பது. அமெரிக்கக் கிளினிக்குகள் பல 1980களில் இப்படித்தான் நடந்துகொண்டன. வேதனை பாதி அடங்கி பாதி மிச்சமிருக்க, நோயாளி மாலையில் ஹெராயின் தேடிப் போவார். உடனே மெத்தடோன் பயனில்லை என்று பழி மருந்தின் மேல் விழும்.

மருந்து கொடுக்கும் முறையும் ஒரு சுமையாகிவிட்டது. வியட்நாமிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பும் சிப்பாய்களைப் பற்றிய கவலையில், 1971ல் அதிபர் நிக்சன் சிகாகோவின் டாக்டர் ஜெரோம் ஜாஃபியை அழைத்துச் சிகிச்சையை நாடெங்கும் விரிக்கச் சொன்னார். விரிந்தது. கூடவே, மருந்து கள்ளச்சந்தைக்குப் போகக்கூடாது என்ற கவலையில் 1972லும் 1974லும் கடுமையான விதிகள் வந்தன. தனிக் கிளினிக்குக்குத் தினமும் காலையில் போய், வரிசையில் நின்று, செவிலியர் கண்முன்னே குடித்துவிட்டு வர வேண்டியிருந்தது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தெருமுனை மருந்துக்கடையிலேயே வாங்கிக் குடிக்கலாம், அமெரிக்காவில் முடியாது. அங்குள்ள நோயாளிகள் இதற்குத் திரவ விலங்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டாக ஒழுங்காக இருந்த ஒருவரைக்கூட எளிதில் ஊர் விட்டு நகரவிடாத விலங்காக அது இருந்தது.

2020ல் கொரோனா வந்ததும் அந்த விதி வளைந்தது. நிலைப்பட்ட நோயாளிகளுக்கு 28 நாள் மருந்துவரை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம் என்று அனுமதித்தார்கள். அஞ்சியபடி சாவுகள் பெருகவில்லை. 2024ல் அந்தத் தளர்வையே நிரந்தர விதியாக்கினார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நோயாளிகள் கேட்டு வந்ததை ஒரு கொள்ளைநோய் பெற்றுத் தந்தது.

இந்தியாவின் கதை வேறு மருந்தில் தொடங்குகிறது. மணிப்பூரில் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊசி போடுவோரிடையே ஹெச்.ஐ.வி. வேகமாகப் பரவியது. அந்தப் பத்தாண்டில்தான் டெல்லி போன்ற சில இடங்களில் நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரையை மருத்துவர்களும் தொண்டு நிறுவனங்களும் கொடுக்கத் தொடங்கினார்கள். இதுவும் அதே ஏற்பியில்தான் ஒட்டும், ஆனால் பாதியளவே தூண்டும். எனவே மூச்சை நிறுத்தும் ஆபத்து மெத்தடோனைவிடக் குறைவு. ஆனாலும் ஹெராயின் நெடுநாள் போட்டு மிகவும் பழகிப்போனவர்களைச் சிகிச்சையில் பிடித்து வைப்பதில் மெத்தடோனுக்கே கை ஓங்கும். 2012ல் இந்தியாவிலும் சில அரசு மருத்துவமனைகளில் மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். 2014ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, பிறகு மார்ஃபினோடு மெத்தடோனையும் அத்தியாவசிய மருந்துகள் வகையில் சேர்த்ததால் பழைய உரிமச் சிக்கல்களும் குறைந்தன. 'சிட்டா' என்று அங்கே சொல்லப்படும் ஹெராயினால் அல்லல்படும் பஞ்சாப், 2017 அக்டோபரில் புறநோயாளி கிளினிக்குகள் மூலம் பியூப்ரினார்ஃபினைப் பெரிய அளவில் கொடுக்கத் தொடங்கியது.

தேவையின் அளவு சிறியதில்லை. எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019ல் வெளியானபோது, நாட்டில் 2.26 கோடிப் பேர் ஏதோ ஒரு வகை ஓபியாய்டைப் பயன்படுத்துவதாகவும், அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் சொன்னது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பிரவுன் ஷுகர் என்ற ஹெராயின் புழங்கிய காலத்திலிருந்தே சென்னையில் ஊசி போடுபவர்கள் இருக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் சிறு நகரங்களிலிருந்தும் வருகின்றன. அதுவும் ஓபியாய்டுதான். செய்தியில் கைது எண்ணிக்கை இருக்கும், பிடிபட்ட மாத்திரைகளின் எண்ணிக்கை இருக்கும். அந்தப் பையன்களுக்கு மறுநாள் காலை உடம்பு என்ன பாடு படுத்தும், அதற்கு மருந்து எங்கே கிடைக்கும் என்பது மட்டும் இருக்காது. வீட்டார் அழைத்துப் போவது பெரும்பாலும் பூட்டி வைக்கும் மையத்துக்குத்தான்.

மலேசியா இதில் நமக்கு ஒரு வழி காட்டுகிறது. அங்கே நெடுங்காலம் போதை அடிமைகளைக் கட்டாய முகாம்களில் அடைத்து வந்தார்கள். 2005ல் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. 2010ல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். மதத்தின் பேரில் இந்த மருந்தை ஒதுக்குவார்கள் என்று அஞ்சிய இடத்தில், மதத் தலைவர்களே முன்வந்து இடம் கொடுத்தார்கள். தொழ வந்த இடத்திலேயே மருந்தையும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்றானது.

கொரோனா நாட்களில் இந்தியாவிலும் நிலைப்பட்ட நோயாளிகளுக்குப் பல நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். அது முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் இப்போது வேண்டியவை மூன்று: மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலாவது இந்த மருந்துகள் கிடைப்பது, கூலி வேலைக்குப் போகிறவர் வந்து வாங்கும்படி காலை ஆறு மணிக்கோ மாலை ஏழு மணிக்கோ கதவு திறந்திருப்பது, எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டு விரட்டாத ஒரு டாக்டர்.